வெறும் ரத்தம்

"இவிய ஊருக்கு வந்து ஒன்றரை மாசமாச்சு டாக்டரம்மா. இன்னும் வீட்டுக்கு வந்து சேரல."

பிரிஜித் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் சொன்ன 'இவிய' பக்கத்து நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்தார். கிளீட்டஸ் மச்சாடோ, முப்பத்து நான்கு வயது, கடலடிச் சுரங்கத் தொழிலாளி. தலை வாரி, சட்டைக் கையை மடித்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். கல்யாண நாளைக் கேட்டேன், சொன்னார். மகள் ரோஸலின் பிறந்த நேரத்தைக்கூடச் சொன்னார். மனைவிக்குப் பிடித்த பலகாரம் என்னவென்றேன். "மக்ரூன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "முந்திரி கூடப் போட்டது" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஞாபகமெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஞாபகத்துல இருக்கோம் டாக்டரம்மா. மனசுலதான் இல்ல. வந்த அன்னைக்கு ரோஸலின் ஓடிப் போயி இவிய காலைக் கட்டிக்கிட்டா. ரெண்டு வயசுல பாத்த புள்ள, இப்ப நாலு. குனிஞ்சு பாத்து, 'நல்லா வளந்திருக்கு'ன்னாவ. பக்கத்து வீட்டுப் புள்ளயச் சொல்லுத மாதிரி. எங்க மாமா தவறுனப்பவும் இப்படித்தான். கடலுக்கு அடிக்குப் போன் போட்டு, 'உங்க அப்பா போயிட்டாவ'ன்னு அழுதேன். 'சரி, அடக்கம் என்னைக்கு?'ன்னு கேட்டுட்டு, ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு வச்சிட்டாவ."

கிளீட்டஸ் மறுக்கவில்லை. "அவ சொல்லுதது சரிதான் டாக்டர். எனக்கு ஒண்ணும் தோணல. தோணாதது தப்புன்னும் தோணல."

என் பெயர் காந்திமதி. தூத்துக்குடியில் ஒரு சின்ன பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு மெஷின், ஒரு உறைபெட்டி. மருந்து கொடுக்கிற டாக்டர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர். கொடுத்த மருந்து உடம்புக்குள் எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று தேடுகிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்தக் கதை அதைப் பற்றியதும்தான்.

கடலுக்கு மூவாயிரம் அடி ஆழத்தில் கம்பெனி நிலையம் கட்டி ஏழு வருடம் ஆகிறது. போனால் இரண்டு வருடம் கீழேதான். நடுவில் மேலே வர நினைத்தால், அழுத்தம் குறைக்கும் அறையில் பதினேழு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் குழுவில் மூன்று பேரால் அந்தப் பதினேழு நாளைப் பொறுக்க முடியவில்லை. ஒருவருக்குக் குழந்தை பிறந்திருந்தது, ஒருவருடைய அம்மா சாகக் கிடந்தாள், இன்னொருவருக்குக் காரணமே இல்லை, வெறும் வீட்டு நினைப்பு. கதவைத் திறந்துகொண்டு நேரே மேலே வரப் பார்த்தார்கள். மூவரும் உயிரோடு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனி டெசிடரால் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. தினம் ஒன்று. தூக்கக் கலக்கம் கிடையாது, மறதி கிடையாது, கை நடுக்கம் கிடையாது. ஏக்கம் மட்டும் வராது. தொழிலாளிகள் அதற்குக் கல்லு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். நிறுத்திய மூன்று வாரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும் என்று பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் போட்டிருந்தது.

கிளீட்டஸுக்கு ஆறு வாரம் முடிந்திருந்தது.

அவரிடம் ஒரு குப்பி ரத்தம் எடுத்துவிட்டு, பிரிஜித்தையும் கையை நீட்டச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு டாக்டரம்மா?"

"மெஷினுக்கு ஒரு வெறும் ரத்தம் வேணும். அந்த மருந்தே தொடாத ரத்தம். அதைப் பூஜ்யம்னு வச்சிக்கிட்டு, அவரோடதுலருந்து இதைக் கழிச்சுத்தான் அளவு சொல்லும். ஒரே வீட்டுல ஒரே சாப்பாடு சாப்பிடுற ஆளா இருந்தா இன்னும் நல்லது."

"எடுத்துக்கிடுங்க" என்று முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "என் ரத்தத்துல ஏக்கம் மட்டும்தான் இருக்கு. அது உங்க மெஷின்ல தெரியாதுல்லா?"

"தெரியாது" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஊசியை எடுத்ததும் அவளுக்குக் கொடுத்த பஞ்சை முதலில் கிளீட்டஸின் கையில் வைத்து அழுத்தினாள். தன் கையில் வடிந்ததைப் பிறகு துடைத்துக்கொண்டாள்.

அளவு பதினான்கு வந்தது. பத்துக்குக் கீழே போனால்தான் மனசு திரும்பும். கொஞ்சம் பொறுங்கள், தானாக இறங்கிவிடும் என்றேன். மிச்ச மாத்திரை ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அடுத்த ஒப்பந்தத்துக்குன்னு ஒரு பாட்டில் முன்கூட்டியே குடுத்து விட்டிருக்காவ. இருநூறு மாத்திரை."

"அடுத்த தடவை வரும்போது கொண்டாந்து என்கிட்ட குடுத்திரு."

சரியென்று தலையாட்டினாள். அடுத்த தடவை அவள் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் காலையில் பிரிஜித் போன் செய்தாள். பேச முடியாமல் அழுதாள். நான் பயந்துபோனேன்.

"அடுப்படி வாசல்ல வந்து நின்னாவ டாக்டரம்மா. 'ஏளா, இம்புட்டு நாளும் எங்க இருந்தே'ன்னு கேட்டாவ. நான் எங்க இருந்தேனாம்! கேட்டீங்களா கதைய?"

அந்த 'ஏளா'வை அவள் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். ஊருக்கு வந்ததிலிருந்து கிளீட்டஸ் அவளைப் பிரிஜித் என்றுதான் கூப்பிட்டாராம், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. அன்றைக்கு ரோஸலினைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலை முழுக்க நடந்தார். அப்பாவின் கல்லறைக்குப் போய் அதில் தலையை வைத்து அழுதார்.

ரத்தம் பார்த்தேன். ஐந்து. 'குணம்' என்று எழுதிக் கோப்பை மூடினேன். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

எடையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கு வந்த மனுஷனுக்கு அந்த வீட்டில் மூன்று மாதமும் விருந்துதான். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கணவாய்ப் பொரியல், அண்ணி வீட்டிலிருந்து தொதல் அல்வா, மாமியார் வீட்டிலிருந்து கேக். எட்டு கிலோ ஏறியிருந்தார். அந்த எட்டு கிலோவைக் கண்ணால் பார்த்தும் நான் பார்க்கவில்லை.

தவக்காலம் வந்தது. கணவன் பழையபடி ஆனால் நாற்பது நாளும் இருவருமாக ஒருசந்தி இருக்கிறோம் என்று பிரிஜித் மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. மாதா கேட்டதைக் கொடுத்தாள், இவர்கள் சொன்னதைச் செய்தார்கள். நாலாவது வாரம் இருவரும் என் வாசலில் நின்றார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"நேத்து ரோஸலினைப் பள்ளிக்கூடத்துல விடப் போனாவ. வாசல்ல நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டாவ. புள்ள டாட்டா காட்டிக்கிட்டே நின்னிருக்கா." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன தப்பு பண்ணுனேன் டாக்டரம்மா? நேர்ச்சைய ஒழுங்காத்தானே செஞ்சோம்?"

அளவு முப்பத்தொன்று.

மாத்திரையைத் தொட்டீர்களா என்று கிளீட்டஸிடம் கேட்டேன். இல்லையென்றார். பொய் சொல்ல அவருக்கு அப்போது எந்தக் காரணமும் இல்லை. அப்புறம்தான் எடை பார்க்கும் மேடையில் ஏறச் சொன்னேன். கிறிஸ்துமஸ் சமயம் இருந்த எடையை அவரே சொன்னார், அதிலிருந்து ஒன்பது கிலோ இறங்கியிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"உட்காருங்க, ரெண்டு பேரும்" என்றேன். "தப்பு உங்களோடது இல்ல. என்னோடது. பிரிஜித், பிரிட்ஜுல வெண்ணெய் பக்கத்துல வெங்காயத்தை நறுக்கி வச்சா என்னாகும்?"

"வெண்ணெயெல்லாம் வெங்காய வாடை வீசும்."

"வெங்காயத்தை எடுத்துட்டா?"

"வெண்ணெயில வாடை போகாது."

"அதான் விஷயம். ரத்தம் வெறும் பாதைதான், மருந்து அதுல நடந்து போகுது. எங்க பிடிச்சிருக்கோ அங்க போயி குடியேறிக்கிடும். சிலது எலும்புல குடியேறும். சிலது ரத்தத்தைவிட்டு இறங்காது. இந்த டெசிடராலுக்குக் கொழுப்புன்னா உயிர். இவர் ரெண்டு வருஷம் சாப்பிட்ட மருந்தை, ரத்தத்துல இருக்கிற அளவால வகுத்துப் பாத்தா, அது இந்த அளவுக்கு நீர்த்துப் போக இவருக்குள்ள மூவாயிரம் லிட்டர் தண்ணி கொள்ளணும். கொள்ளுமா? எழுபது கிலோ ஆளு. அப்படின்னா மருந்து ரத்தத்துல இல்ல, எங்கேயோ பதுங்கி இருக்குன்னு அர்த்தம்."

"பெட்டித் தாள்ல மூணு வாரம்னு போட்டிருக்கே" என்றார் கிளீட்டஸ். கோபமாக அல்ல, விவரம் கேட்கிற மாதிரி.

"அது வயித்துல மடிப்பே இல்லாத பசங்களுக்குக் குடுத்துப் பாத்து எழுதினது. நம்ம ஆளுங்க பாத்தா ஒல்லி, உள்ளே தொப்பை. அதை யாரும் யோசிக்கல. கிறிஸ்துமஸுக்கு நீங்க குண்டானதும் ரத்தத்துல இருந்ததும் கொழுப்புக்குள்ள போயிருச்சு, மனசு திரும்புச்சு. ஒருசந்தி இருந்து கொழுப்பு கரைஞ்சதும் குடியிருந்ததெல்லாம் ரத்தத்துக்கு வந்துருச்சு."

பிரிஜித் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நான் மாதாகிட்ட கேட்டு வாங்குனதை, நானே பட்டினி போட்டுத் தொலைச்சிட்டேனா?"

வழி என்ன என்பதைச் சொன்னேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, இவரைக் குண்டாகவே வைத்துக்கொள்வது. மருந்து உள்ளேயே கிடக்கும், பூட்டின அலமாரி மாதிரி. ஒரு டைபாய்டு வந்து படுத்து இளைத்தாலும் அலமாரி திறந்துகொள்ளும், ஆயுசுக்கும் அந்தப் பயம் இருக்கும். இன்னொன்று, காலி செய்வது. ஒரு வருடம் பத்தியச் சாப்பாடு, நடை, குடலுக்கு வருகிற மருந்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற ஒரு பொடி. மெதுவாகக் கொழுப்பு கரையக் கரைய எல்லாம் ரத்தத்துக்கு வந்து வெளியே போகும். ஆனால் அந்த ஒரு வருடமும் அவர் இப்படித்தான் இருப்பார்.

"ஒரு வருசமா?" என்றாள். மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது. ஜூலை முதல் தேதி கீழே இறங்க வேண்டும். "இந்த நெலமையில இருந்தாவன்னா போயிருவாவ டாக்டரம்மா. மறுபடி ரெண்டு வருசம் அந்த மாத்திரைய முழுங்குனா அப்புறம் எனக்கு மிஞ்சுவாவளா?"

கிளீட்டஸிடம் திரும்பினேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "எனக்குப் போகணும்னும் இல்ல, இருக்கணும்னும் இல்ல."

இதை அவரே முடிவு செய்ய வேண்டும், ஆனால் இந்தக் கிளீட்டஸ் அல்ல. ஈஸ்டருக்கு ஒருசந்தியை முடித்துக்கொண்டு ஒரு மாதம் மறுபடி நன்றாக ஆக்கிப்போடச் சொன்னேன். மே நடுவில் அவர் தனியாக வந்தார். கன்னம் பூசினாற்போல் இருந்தது. வரும்போதே கண் கலங்கியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து தன் தொழில் அட்டையை எடுத்து நீட்டினார். அது இல்லாமல் கம்பெனி படகில் ஏற்ற மாட்டார்கள்.

"இதை எங்கயாவது வச்சிப் பூட்டிருங்க டாக்டர். நாளைலருந்து பத்தியம். இன்னும் ரெண்டு மூணு வாரத்துல அந்த ஆளு வருவான். வந்து கேட்டான்னா குடுக்காதீங்க. நல்ல விதமா, மரியாதையாத்தான் கேப்பான். குடுத்துராதீங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "பிரிஜித்தப் பாத்துக்கிடுங்க. அவளுக்கு என்னைத் தவிர ஒண்ணும் தெரியாது."

அட்டையை உறைபெட்டியில், ரத்தக் குப்பிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூன் கடைசியில் அந்த ஆள் வந்தார். நல்ல விதமாக, மரியாதையாகத்தான் கேட்டார். தர மாட்டேன் என்றேன். "சரி டாக்டர்" என்று போய்விட்டார். சண்டை போட வேண்டுமென்றால் போகிற ஆசையாவது இருக்க வேண்டுமே.

மாதம் ஒருமுறை இருவரும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் பிரிஜித் என் மேஜைமேல் கவிழ்ந்து அழாத நாள் இல்லை. "ஒரு வீட்டுல குடித்தனம் இருக்கவர மாதிரி இருக்காவ டாக்டரம்மா. தட்டைக் கழுவி வைக்காவ. மடிச்ச துணிய எடுத்துக் குடுத்தா 'ரொம்ப நன்றி'ங்காவ. எனக்கு நன்றி சொல்லுதாவ! கோவத்துல ஒரு அடி அடிச்சாக்கூடத் தாங்கிருவேன் போலருக்கு." நான் அளவைச் சொல்வேன். இருபத்தெட்டு, இருபத்தாறு, இருபத்து மூன்று. அந்த எண்ணைச் சாமிப் படத்தை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு போவாள்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா. அந்தக் கூட்டத்தில் ரோஸலின் கை நழுவிப் போனாள். பிரிஜித் பைத்தியம் மாதிரி ஓடியிருக்கிறாள். கிளீட்டஸ் நின்ற இடத்திலேயே நின்று, "எங்க போயிரப் போறா, தேடுனா கிடைப்பா" என்றாராம். கால் மணி நேரத்தில் பஜ்ஜிக் கடைப் பக்கம் கிடைத்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பிரிஜித் இதை என்னிடம் சொன்னது செப்டம்பரில். சொல்லும்போது அழவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. தலையை இறுக்கப் பின்னி, பையை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருப்பாள். அளவைக் கேட்பதை விட்டுவிட்டாள். நானாகச் சொன்னால், "சரி டாக்டர்" என்பாள். டாக்டரம்மா எப்போது டாக்டரானேன் என்று நான் கவனிக்கவில்லை. "நீ ரொம்பப் பக்குவப்பட்டுட்ட பிரிஜித்" என்று ஒருநாள் மெச்சிக்கூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அளவு நான் கணித்ததைவிட வேகமாக இறங்கியது. நவம்பரில் எட்டு. பத்துக்குக் கீழே! எனக்குத் தலைகால் புரியவில்லை. "இப்ப எப்படி இருக்கு கிளீட்டஸ்?" என்றேன். "அப்படியேதான் டாக்டர்" என்றார். பிரிஜித் கடிகாரத்தைப் பார்த்தாள். சிலருக்குக் கொஞ்சம் நாளாகும் என்று சொல்லி அனுப்பினேன். டிசம்பரில் மெஷினைச் சர்வீஸுக்கு அனுப்பினேன், அது திரும்பி வர மார்ச் ஆகிவிட்டது.

மார்ச் மாதம் கிளீட்டஸின் அளவைப் பார்த்தபோது மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மைனஸ் ஒன்பது என்று காட்டியது. கழுவி, மறுபடி ஓட்டினேன். மைனஸ் ஒன்பது. ஒரு மனிதனுடைய ரத்தத்தில் மருந்து இல்லாமல் இருக்கலாம், இல்லாததைவிடக் குறைவாக எப்படி இருக்கும்?

அந்த நேரம் பார்த்துக் கிளீட்டஸ் தனியாக வந்து நின்றார். ஒரு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வந்துட்டேன் டாக்டர்" என்றார். "நேத்துக் காலைல. ரோஸலின் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கிட்டிருந்தேன். அவ கழுத்துல அந்தப் பவுடர் வாசம் வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டேன்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைக்கு ஓடிப் போயி மக்ரூன் வாங்கியாந்தேன். 'ஏளா'ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்து, 'சாப்பாடு எடுத்து வைக்கவா'ன்னா. மக்ரூனைக் குடுத்தேன். 'ரொம்ப நன்றி'ன்னு வாங்கி இந்த டப்பாவுல போட்டு மூடி வச்சிட்டா. கோவமா இருக்கான்னு நெனச்சேன். கோவமா இருந்தா நல்லாருக்குமே டாக்டர். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ரெண்டு வருசம் நான் பேசுன குரல் அது."

அவர் பேசப் பேச, மெஷினில் மினுங்கிக்கொண்டிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் கெடவில்லை. ஒன்றரை வருடமாக அது ஒரு ரத்தத்திலிருந்து இன்னொரு ரத்தத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. வெறும் ரத்தம் என்று நான் எழுதி வைத்த குப்பியைத் தனியாக ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதில் ஒன்றுமில்லை என்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியுமே!

கிளீட்டஸை உட்கார வைத்துவிட்டு என் கையிலேயே ஊசியைக் குத்தினேன். என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் ரத்தத்தில் டெசிடரால் இல்லை, மற்றது மெஷினில் தெரியாது. என்னுடையதைப் பூஜ்யமாக வைத்து இருவருடையதையும் ஓட்டினேன். கிளீட்டஸ் ஏழு. பிரிஜித் பதினாறு.

மறுநாள் காலை இருவரையும் வரச் சொன்னேன். பிரிஜித் பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்தாள்.

"எப்போலருந்து?" என்றேன்.

"திருவிழா முடிஞ்ச மறுநாள்லருந்து. தினம் ஒண்ணு. போன மாசம் பாட்டில் தீந்துச்சு." ஒளிக்கவும் இல்லை, தயங்கவும் இல்லை.

"உள்ளே போயி குடியேறிக்கிடும்னு உனக்கு நான் சொல்லியிருக்கேனே. தெரிஞ்சுதானே சாப்பிட்ட?"

"தெரியும் டாக்டர். ஆனா அன்னைக்கு ரோஸலினைத் தூக்கிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போறதுக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். பஸ்ஸுல ஏறியிருந்தேன்னா திரும்பி வந்திருக்க மாட்டேன். இவிய தனியா இருந்தா அந்தப் பத்தியத்தையும் பொடியையும் யாரு குடுப்பா? ஏங்கிக்கிட்டே இருந்தா என்னால இவிய பக்கத்துல இருக்க முடியல. இருக்கணும்னா அதைச் சாப்பிட்டாத்தான் முடியும்னு தோணுச்சு." நிறுத்தி, ஏதோ சரி பார்ப்பது போல யோசித்தாள். "அப்ப அப்படித் தோணுச்சு. இப்ப ஏன் அப்படித் தோணுச்சுன்னு தெரியல."

கிளீட்டஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எத்தனை நாளாகும் டாக்டர்?"

"பொம்பளை உடம்புல கொழுப்பு ஜாஸ்தி, உங்களைவிட மெதுவாத்தான் போகும். ஒன்றரை வருஷம். ரெண்டுகூட ஆகலாம்."

"நான் ஆக்கிப்போட்டா? நெய்ச்சோறு, கறின்னு?"

"ஒளியும், போகாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். ஒரே ஒரு நாளைக்கு டாக்டர். ஒரு நாளு அவ என்னைப் பாத்தாப் போதும். அப்புறம் காத்துக்கிட்டு இருந்துருவேன்."

எனக்கும் கொடுத்துவிடத்தான் ஆசையாக இருந்தது. "அந்த ஒரு நாளு முடிஞ்சு அவ மறுபடி போறதை நீங்க பாக்கணும். போன தவக்காலத்துல அவ பாத்தாளே, அது மாதிரி" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு பிரிஜித்தைக் கேட்டேன். கேட்கப் பயமாக இருந்தது. "நீ என்ன சொல்ற? வீட்டுலயே இருப்பியா?"

"எனக்குப் போகணும்னும் இல்ல" என்றாள், "இருக்கணும்னும் இல்ல."

கிளீட்டஸ் அடிபட்டவர் போல நிமிர்ந்தார். அந்த வார்த்தை ஒரு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் எப்படி விழுந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ இரு, ஏளா" என்றார்.

"சரி" என்றாள் அவள்.

உறைபெட்டியைத் திறந்து அவருடைய தொழில் அட்டையை எடுத்து நீட்டினேன். பனி படிந்திருந்தது. அவர் அதை வாங்கி, பார்த்து, மறுபடி உள்ளேயே வைத்துவிட்டு மூடினார்.

பத்தியத்தையும் பொடியையும் இப்போது அவர்தான் கொடுக்கிறார். துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு மாதமும் அவளை முன்னால் உட்காரவைத்துத் தானும் உட்காருவார். அவள் அளவைக் கேட்பதில்லை. அவர் கேட்பார், அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

ஜூலையில் அவருடைய அளவு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் பிரிஜித்துக்கு ரத்தம் எடுத்துவிட்டு, வழக்கம்போல என் கையில் குத்திக்கொள்ள இன்னொரு ஊசியை எடுத்தேன். கிளீட்டஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தன் கையை மேஜைமேல் வைத்தார்.

"வெறும் ரத்தம் வேணும்லா டாக்டர்? ஒரே வீட்டுல, ஒரே சாப்பாடு சாப்பிடுத ஆளு. இனி என்னோடத எடுங்க. என் ரத்தத்துல இப்ப ஏக்கம் மட்டும்தான் இருக்கு."

பிரிஜித் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகமெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அது மெஷின்ல தெரியாது" என்றாள், விவரம் சொல்கிற மாதிரி.

"தெரியாட்டிப் போகுது" என்றார்.

ஊசியை எடுத்ததும் பஞ்சைக் கொடுத்தேன். அவர் அதை முதலில் அவள் கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கையிலிருந்து ஒரு சொட்டு என் மேஜையில் விழுந்தது. நான் குப்பியை எடுத்துப் பெயர் எழுதினேன்: கிளீட்டஸ் மச்சாடோ, வெறும் ரத்தம்.